நூற்றிருபத்து நாலு வண்டி

2021 பிப்ரவரி 14, ஞாயிறு

அப்பா காலையிலிருந்து டிவியை விட்டு நகரவில்லை. நேரு உள்விளையாட்டரங்கத்தில் பிரதமர் அர்ஜுன் டாங்கியின் மேம்பட்ட வடிவமான மார்க் 1ஏ-வைத் தரைப்படைத் தளபதி நரவணேயிடம் ஒப்படைத்தார். அதே மேடையில்தான் வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் மெட்ரோ தொடக்கமும். தெருவில் எல்லோரும் மெட்ரோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் டாங்கிப் பேச்சு.

அப்பா டேங்க் ஃபேக்டரியில் வெல்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ஓய்வு பெற்றவர். காகிதத்தில் அது கனரக ஊர்தித் தொழிற்சாலை. ஆவடியில் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் முழிப்பார். பிரதமர் பேசி முடித்ததும் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "குடுத்துட்டாங்க, சரி. ஆர்டர் எங்க?"

மேடையில் கொடுத்தது ஒரு வண்டி. 118 வண்டிக்கான ஆர்டர் இன்னும் கையெழுத்தாகவில்லை.

2021 பிப்ரவரி 16, செவ்வாய்

மகள் கேட்டாள்: "அப்பா, இதுதான் இந்தியாவோட முதல் டேங்க்கா? தாத்தா அதுக்கு முன்னாடியே டேங்க் செஞ்சாங்கன்னு சொன்னீங்களே?"

நல்ல கேள்வி. 1965-ல் ஆவடியிலிருந்து வெளிவந்தது விஜயந்தா. அது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் வரைந்தது. 105 மி.மீ. பீரங்கி, லேலண்ட் எல்-60 எஞ்சின், 40 டன்னுக்குள் எடை. முதலில் பாகங்கள் அங்கிருந்து வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். கடைசியில் சுமார் 2,200 வண்டி ஆயிற்று. 1971 போரிலும் போனது. அப்புறம் ரஷ்ய டி-72 உரிமம் வாங்கி அஜேயா என்ற பெயரில் செய்தார்கள், அதற்கப்புறம் டி-90, பீஷ்மா. இவை எல்லாமே அடுத்தவன் டிராயிங்.

வெள்ளைத் தாளில் இங்கேயே கோடு போட்டு ஆரம்பித்தது அர்ஜுன்தான். ராணுவம் 1972-ல் தேவைப் பட்டியல் கொடுத்தது. 1974-ல் அரசு 15.50 கோடி ரூபாய் ஒதுக்கியது. வடிவமைப்பு வேலை சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. அதுவும் ஆவடிதான். வரைகிறவர்களும் செய்கிறவர்களும் ஒரே ஊர், காம்பவுண்டு மட்டும் வேறு வேறு. அந்தச் சுவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்றைக்குத் தூங்க முடியாது.

2021 பிப்ரவரி 21, ஞாயிறு

அப்பாவைப் பேசவிட்டேன். ரகசியம் எதுவும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார். வெல்டிங் எப்படி என்று மட்டும் கேட்டேன்.

கவசத் தகட்டைச் சாதா இரும்பு மாதிரி நினைத்து ஒட்ட முடியாதாம். முதலில் தகட்டைச் சூடேற்ற வேண்டும். வெல்டிங் ராடை ஓவனிலேயே வைத்திருந்து, அன்றைய தேவைக்கு மட்டும் எடுக்க வேண்டும். ராடில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெல்டு போடும்போது எல்லாம் அழகாக இருக்கும். சாயங்காலம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் காலையில் வந்தால் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஆவடியில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"புஸ்தகத்துல எல்லாம் இருக்கும்டா. ஆனா எந்த மூலையில எந்தப் பக்கம் முதல்ல போட்டா தகடு கோணாதுன்னு அம்பது ஹல் போட்டவனுக்குத்தான் தெரியும்."

விஜயந்தாவில் கற்ற கை டி-72-க்கு உதவியதா என்றேன். உதவியதாம். அர்ஜுனுக்கு? "அது ரொம்பப் பெருசு. புதுசாக் கத்துக்கிட்டோம். கத்து முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடுச்சு."

இந்த வாக்கியத்தை நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று பின்னால் பென்சிலால் சேர்க்கிறேன்.

2021 மார்ச் 7, ஞாயிறு

வேலூரிலிருந்து மாமா வந்திருந்தார். கவசப் படையில் ரிசல்தாராக இருந்தவர், டி-72 ஓட்டியவர். அப்பாவையும் அவரையும் ஒரே அறையில் வைத்து அர்ஜுன் என்று சொல்லிவிட்டால் போதும், சாப்பாடு ஆறிப்போகும்.

மாமாவின் வழக்கு எடை. ராணுவம் முதலில் கேட்டது 40 டன் சுமார், 105 மி.மீ. பீரங்கி. பக்கத்து நாடுகள் வாங்குவதைப் பார்த்து 120 மி.மீ. ஆயிற்று, கவசம் கூடியது, வந்து நின்றது 58.5 டன். டி-90 46.5 டன்தான். "பஞ்சாப்ல பத்து மைலுக்கு ஒரு கால்வாய் மாப்ள. பாலம் தாங்கணும். ரயில்ல ஏத்தணும். அகலம் ஜாஸ்தின்னு இதுக்குன்னு தனி வேகன் செஞ்சாங்க. சண்டைக்கு முன்னாடி வண்டி அங்க போய்ச் சேரணும்ல?"

அப்பா விடவில்லை. "தேவையை நீங்களே மாத்திக்கிட்டே இருந்தா எடை ஏறாம என்ன பண்ணும் மச்சான்?"

இரண்டும் நியாயம். தேவைப் பட்டியல் எண்பதுகளில் மட்டும் பலமுறை மாறியது. 15.50 கோடியில் ஆரம்பித்தது, 1995-ல் வடிவமைப்புத் திட்டத்தை மூடும்போது 305.60 கோடி. தணிக்கை அறிக்கை கிழிகிழியென்று கிழித்தது. வெளிநாட்டுப் பாகங்கள் இவ்வளவா என்று கேட்டது, கேட்க வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபிறகு இன்னொரு மாடி கேட்டால் மேஸ்திரி என்ன செய்வார்?

வண்டியின் நல்ல பக்கத்தை மாமாவே சொன்னார், அது எனக்கு ஆச்சரியம். ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் என்பதால் கரடுமுரடில் ஓடிக்கொண்டே சுட முடியும். உள்ளே நான்கு பேருக்கு இடம் உண்டு. டி-72-ல் மூன்று பேர், குண்டு நிரப்புவது இயந்திரம், அந்தக் குண்டுகள் உட்கார்ந்திருப்பது ஆளின் காலடியில். "அதுல உக்காந்து ஓட்டினவன் நான். அர்ஜுன் உள்ள ஏறிப் பாத்தப்ப பொறாமையா இருந்துச்சு." 2010 மார்ச்சில் ராஜஸ்தான் மகாஜன் களத்தில் டி-90-யோடு பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அதற்கப்புறம் அர்ஜுனைத் தேறாத வண்டி என்று பேசியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ராணுவம் இன்னொரு 124 எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது அந்த வருடம்தான்.

கவசத்தை வடிவமைத்தது ஹைதராபாத்தில் இருக்கும் ராணுவ உலோக ஆராய்ச்சிக்கூடம், டி.எம்.ஆர்.எல். அந்த வளாகம் இருக்கும் காஞ்சன்பாக் பெயரையே வைத்துக் காஞ்சன் என்கிறார்கள். உள்ளே என்னென்ன அடுக்கு என்று அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, கேட்டதும் மோர் வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

2021 செப்டம்பர் 24, வெள்ளி

நேற்று ஆர்டர் வந்துவிட்டது. 118 மார்க் 1ஏ, 7,523 கோடி ரூபாய். 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு வேலை கிடைக்கும் என்கிறது அறிவிப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இதேதான்.

எனக்கு ஆடத் தோன்றவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் 124 அர்ஜுனுக்கு ஆர்டர் வந்தது 2000-ல். முதல் வண்டிகள் 2004-ல் கைமாறின. 43-வது கவச ரெஜிமெண்டுக்கு முழு 45 வண்டி சேர்ந்தது 2009 மே மாதம். மீதி வண்டிகளைக் கொண்டு 2011-ல் 75-வது ரெஜிமெண்ட். அவ்வளவுதான், 124 தீர்ந்தது. 2010-ல் சம்மதித்த அடுத்த 124, திருத்தம், சோதனை, மறுபடி திருத்தம் என்று சுற்றிச் சுற்றி 118 ஆகி நேற்றுத்தான் காகிதத்துக்கு வந்திருக்கிறது.

நடுவில் பதினோரு வருடம். லேத் பட்டறை நடத்துகிறவனாகச் சொல்கிறேன், இதில்தான் எல்லாமே இருக்கிறது. அர்ஜுன் நல்லதா கெட்டதா என்று முப்பது வருடமாகச் சண்டை போடுகிறார்கள். எந்த வண்டியும் முதல் நூறில் நல்லதாக இருக்காது. பிழை தெரிவதே அப்போதுதான். அதைத் திருத்திக்கொண்டு அடுத்த ஐந்நூறு செய்தால்தான் வண்டி தேறும், விலையும் இறங்கும். விஜயந்தாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. ரஷ்ய வண்டிகளுக்கும் ஆயிரக்கணக்கில் ஆர்டர். நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் 124, அப்புறம் உட்கார். அதற்குள் அப்பா மாதிரி ஆட்கள் ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கி, கண் ஆபரேஷனும் செய்துகொண்டுவிட்டார்கள்.

2021 அக்டோபர் 1, வெள்ளி

இன்று முதல் டேங்க் ஃபேக்டரி கம்பெனி. ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழாகப் பிரித்துவிட்டார்கள், வண்டி செய்கிற பங்கு ஏ.வி.என்.எல்., தலைமையகம் ஆவடி. வேலையில் இருக்கும் அண்ணன்மார்களுக்குப் பயம், போராட்டம் எல்லாம் நடந்தது. அப்பாவுக்குப் பென்ஷன் வருமா என்பதுதான் கவலை. வரும் என்று நாலு பேரிடம் கேட்டுச் சொன்னபிறகுதான் சாப்பிட்டார்.

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்

பெரிய சப்ளையர் ஒருவர் மூலமாக ஒரு ஃபிளாஞ்ச் வேலை வந்தது. வண்டியில் எங்கே போய் உட்காரும் என்று டிராயிங்கில் இல்லை. கேட்கவும் கூடாது.

உள்விட்டம் இருபது மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். காலையில் போட்ட துண்டு சரியாக வருகிறது, மதியம் ஷெட்டு சூடானபின் அதே புரோகிராமில், துளைக்குள் இறங்கக் கூடாத அளவு கேஜும் இறங்கிவிடுகிறது. பையன் மெஷினைச் சந்தேகப்படுகிறான். மெஷின் சரி, சூரியன்தான் பிரச்சினை. துண்டை ஏசி அறையில் இரண்டு மணி நேரம் வைத்து அளந்தால் சரியாக இருக்கிறது. இனி கடைசி வெட்டு விடியற்காலையில் மட்டும்.

எண்ணிக்கைதான் அடிவயிற்றைக் கலக்குகிறது. ஃபிக்ஸ்சருக்கும் கேஜுக்கும் ஆன செலவை அந்தச் சின்ன எண்ணிக்கையில் வகுத்தால் ஒரு துண்டின் விலையைச் சொல்ல எனக்கே கூச்சம். கார் கம்பெனி வேலையில் இதே செலவு லட்சம் துண்டில் கரைந்துவிடும்.

2023 டிசம்பர் 7, வியாழன்

மிக்ஜாம் புயல். எஸ்டேட் முழுக்கத் தண்ணீர், பட்டறையில் முழங்கால் வரை. மோட்டார்களைக் கழற்றி உலர வைத்திருக்கிறோம். வேறு எழுத ஒன்றும் இல்லை.

2024 மார்ச் 21, வியாழன்

நேற்று மைசூரு பெமல் ஆலையில் 1,500 குதிரைத்திறன் டாங்கி எஞ்சினை முதல்முறை ஓட்டிக் காட்டினார்கள். பாதுகாப்புத் துறைச் செயலர் போயிருந்தார். பேப்பரில் உள்பக்கத்தில் சின்னச் செய்தி. எனக்கு இது பிப்ரவரி 14 விழாவைவிடப் பெரிது.

அர்ஜுனுக்கு எழுபதுகளிலேயே 1,500 குதிரைத்திறனில் சொந்த எஞ்சின் என்றுதான் திட்டம். காற்றால் குளிரும் டீசல் எஞ்சின் ஒன்றைச் செய்து பார்த்தார்கள், வேண்டிய சக்தி வரவில்லை. வண்டி நிற்கக் கூடாதே என்று மாதிரி வண்டிகளுக்காக ஜெர்மனியின் எம்.டி.யு. எஞ்சினை இடைக்கால ஏற்பாடாக வாங்கினார்கள். 1,400 குதிரைத்திறன். கியர்பாக்ஸும் ஜெர்மனியின் ரெங்க். அந்த இடைக்காலம் இன்னும் முடியவில்லை. மார்க் 1ஏ வண்டிகளுக்கும் அதே எஞ்சின், அது வரத் தாமதம் என்று இப்போது செய்தி. பழைய எஞ்சினை அங்கே மறுபடி உற்பத்திக்குக் கொண்டுவர வேண்டுமாம். அவர்களைக் குறை சொல்லி என்ன? இருபது வருடத்துக்கு ஒருமுறை வந்து நூறு கேட்கிற வாடிக்கையாளருக்காக யார் லைனைத் திறந்து வைத்திருப்பார்கள்? நானே வைத்திருக்க மாட்டேன்.

எஞ்சின் இங்கே செய்யத் தெரியாது என்றும் இல்லை. ஆவடி எஞ்சின் ஃபேக்டரி டி-90-க்கு 1,000 குதிரைத்திறன் எஞ்சினை ஒவ்வொரு பாகமாக உள்நாட்டுக்குக் கொண்டுவந்து 2018-ல் முழுக்க இங்கேயே செய்து காட்டியது. அதற்கு எண்ணிக்கை இருந்தது, கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தது.

பேப்பர் ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன். பழைய அர்ஜுன்: 1,400-ஐ 58.5-ஆல் வகுத்தால் டன்னுக்குக் கிட்டத்தட்ட 24 குதிரைத்திறன். மார்க் 1ஏ எடை 68 டன் சுமார், அதே எஞ்சின், டன்னுக்கு 20-க்குச் சற்று மேல். டி-90-க்கு 21.5. மைசூரு எஞ்சின் ஏறினால் 22. மாமாவுக்கு ஃபோனில் சொன்னேன். "ஸ்டாண்டுல ஓடுறது வேற, மே மாசம் ஜெய்சல்மேர் மணல்ல ஓடுறது வேற மாப்ள. ஃபில்டர் என்னன்னு கேளு" என்றார். யாரிடம் கேட்பது!

2024 ஜூலை 7, ஞாயிறு

நேற்று குஜராத் ஹசீராவில் சொராவர் என்ற இலகு டாங்கியைக் காட்டினார்கள். சி.வி.ஆர்.டி.இ. வரைந்து, எல் அண்ட் டி செய்தது. 25 டன், லடாக் மாதிரி உயரமான இடங்களுக்கு. 2020-ல் சீனாவோடு நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு வந்த அவசரத்தில் இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதிரி வண்டி ஓடுகிறது. அர்ஜுனோடு ஒப்பிட்டால் மின்னல் வேகம். ஒரே அணியாக உட்கார்ந்து வரைந்து செய்தால் இது முடியும் என்று காட்டிவிட்டார்கள், அதற்கு ஒரு சலாம். எஞ்சின் மட்டும் மறுபடியும் வெளியிலிருந்து. முதலில் நினைத்திருந்த ஜெர்மன் எஞ்சினுக்கு அனுமதி இழுத்தது, அமெரிக்க கம்மின்ஸ் போட்டிருக்கிறார்கள்.

ராணுவத்தின் மொத்தத் தேவை 354, முதல் கட்டம் 59 என்று பேப்பர்கள் எழுதுகின்றன. அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்பத்தொம்பதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

எஸ்டேட்டில் ஒருவர் இந்த வேலைக்கு விலை கேட்டு டிராயிங் அனுப்புகிறேன் என்றிருக்கிறார். 59-க்கு ஒரு விலை, 354-க்கு ஒரு விலை என்று இரண்டு கொட்டேஷன் போடப் போகிறேன். எது திரும்பி வருகிறது என்று பார்க்கலாம்.