இன்ஜினைப் பார்ப்பதற்கு முன் அதன் பேப்பரைப் பார்க்க வேண்டியிருந்தது

பயன்படுத்திய சி.எஃப்.எம்.56-7பி விமான இன்ஜின் ஒன்றை வாங்கலாம் என்று பேச்சு வந்ததும், அதன் எல்.எல்.பி ரெக்கார்டுகளைச் சரிபார்க்கும் வேலை என் மேசைக்கு வந்தது. எல்.எல்.பி என்பது ஆயுள் வரம்பு விதிக்கப்பட்ட பாகங்கள்: டிஸ்க், ஷாஃப்ட், ஸ்பூல் போன்றவை. விமானம் ஒரு தடவை மேலே ஏறித் தரையிறங்கினால் ஒரு சைக்கிள். இந்த வகை இன்ஜினில் பொதுவாக ஃபேன் பகுதிக்கு 30,000, கோருக்கு (கம்ப்ரஸரும் ஹை பிரஷர் டர்பைனும் உள்ள நடுப்பகுதி) 20,000, லோ பிரஷர் டர்பைனுக்கு 25,000 சைக்கிள். அந்த எண் வந்துவிட்டால் பாகம் புதுசு போலப் பளபளத்தாலும் கழற்றியே ஆகவேண்டும்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிளேடு உடைந்தால் இன்ஜின் உறை பிடித்துக்கொள்ளும், பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் டிஸ்க் பிளந்தால் பிடிக்காது. 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தில் அதுதான் நடந்தது. அந்த ஃபேன் டிஸ்க் 18,000 வரம்பில் 15,503 சைக்கிள்தான் ஓடியிருந்தது, டைட்டானியத்தில் பிறவியிலேயே குறை. விசாரணையில், தயாரிப்பாளரின் ரெக்கார்டில் ஒரே சீரியல் எண்ணில் இரண்டு டிஸ்க்குகள் இருந்ததும் தெரியவந்தது. அதைப் படித்த பிறகு சீரியல் எண் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

சரி, எங்கள் இன்ஜினுக்கு வருகிறேன். ஒவ்வொரு பாகமும் தயாரான நாள் முதல் எந்த இன்ஜினில், எத்தனை சைக்கிளில் ஏறி எத்தனையில் இறங்கியது என்று அறுபடாமல் காட்ட வேண்டும். ஹெச்.பி.டி (ஹை பிரஷர் டர்பைன்) டிஸ்க்கின் கணக்கில் ஓரிடத்தில் 190 சைக்கிள் உதைத்தது, அதுவும் மூடிப்போன ஒரு நிறுவனத்திடம் இருந்த காலத்தில். விற்பவர் தரப்பில் "சின்ன வித்தியாசம்தானே" என்றார்கள். எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை. இடையில் உந்துவிசை ரேட்டிங் மாறியிருந்தால் சில பாகங்களுக்கு வரம்பே மாறிவிடும். இன்ஜின் உரிமையாளரிடம் மாதாந்தரப் பயன்பாட்டு அறிக்கையும் அந்த மாதங்களின் டெக்லாக் (விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடு) பக்கங்களும் கேட்டு, வராமல், திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருவழியாக வாங்கினேன். இன்ஜினைக் கொஞ்ச காலம் வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், அங்கே ஓடியதுதான் அந்த 190. ரேட்டிங் மாறவில்லை.

அப்புறம் கம்ப்ரஸர் ஸ்பூல், அதாவது காற்றை அழுத்தும் பகுதியில் சுழலும் உருளை. இன்ஜின் முன்பு பழுதுபார்க்கும் ஷாப்புக்குப் போனபோது எழுதிய தாளின் நகலில் சீரியலின் கடைசி இலக்கம் மையோடி 3 போலவும் 8 போலவும் தெரிந்தது. பாகம் பயன்படுத்தத் தகுதியானது என்று சான்று தரும் ரிலீஸ் டேகில் 8. டேக் மட்டும் எனக்குப் போதவில்லை, ஏனென்றால் 3 என்று முடிகிற ஸ்பூலும் உலகத்தில் எங்கோ இருக்கலாம். எப்படியும் அந்த இன்ஜின் டர்பைன் பிளேடு வேலைக்காக ஷாப்புக்குப் போகவேண்டியிருந்தது. கோரைத் திறந்து உலோகத்தில் பொறித்திருப்பதைப் படித்துப் படம் அனுப்பும்வரை கடைசித் தவணையைத் தரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதவைத்தேன்.

படம் வந்தது. 8தான். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.