செந்தூர் வண்டியில் நவதிருப்பதிக்கு

அம்மாவுக்கு 71 வயது. காசி, பத்ரி என்று எதுவும் கேட்டதில்லை. "ஆழ்வார்திருநகரியில அந்தப் புளியமரத்தை ஒரு தடவை பார்த்துட்டா போதும்டி" என்று மட்டும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஆகட்டும் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2023 காலண்டரைப் புரட்டியபோது காந்தி ஜெயந்தி திங்கட்கிழமை வருவது கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய சனி, செப்டம்பர் 30, புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாளே நாள் குறித்துக் கொடுத்தது மாதிரி இருந்தது. அப்போது ரயில் முன்பதிவு 120 நாள் முன்னால் திறக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து திருச்செந்தூருக்குக் கிளம்பும் செந்தூர் எக்ஸ்பிரஸுக்கு ஜூன் 1, திரும்பி வருவதற்கு ஜூன் 4 என்று விரல்விட்டு எண்ணி எழுதி வைத்தேன். காலை எட்டு மணிக்குக் கைப்பேசியோடு உட்கார்ந்து இரண்டு டிக்கெட்டையும் எடுத்தாயிற்று. 2024 நவம்பரிலிருந்து இது 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆக, இரண்டு மாதம் முன்னால் விழித்துக்கொண்டால் போதும். ஆனால் அந்த ஒரு காலையைத் தவறவிட்டால், மூன்று நாள் லீவு வரும் வாரத்தில் வெயிட்டிங் லிஸ்ட்தான். 45 வயது தாண்டிய பெண்களுக்குக் காலியிருந்தால் கீழ் பெர்த் தானாகவே கிடைக்க வழி இருக்கிறது. வயதை மட்டும் சரியாகப் போட வேண்டும். அம்மாவுக்குக் கீழ் பெர்த்தே கிடைத்தது. மூட்டு வலிக்காரருக்கு அதுவே பாதி தரிசனம்.

அப்புறம்தான் யோசனை. நவதிருப்பதி என்றால் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒன்பது பெருமாள் கோயில்கள். ஒன்பதையும் ஒரே நாளில் முடிப்பதுதான் வழக்கம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அரசுப் போக்குவரத்துக் கழகமே திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்து விடுகிறது. நேரம் இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அம்மாவால் ஒன்பது முறை இறங்கி ஏற முடியாது. அதோடு, ஒவ்வொரு சன்னதியிலும் கொஞ்ச நேரம் நிற்காமல் வந்தால் அம்மாவுக்கு மனசு ஆறாது. வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. தாமிரபரணியே கோயில்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வடகரையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி என்று ஆறு கோயில்கள். தென்கரையில் ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை என்று மூன்று. ரயில் பாதை போவதும் தென்கரையில்தான். பேருந்துகள் காலையில் ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி ஆழ்வார்திருநகரியில் முடிக்கும். நாங்கள் சனிக்கிழமை தென்கரை, ஞாயிறு வடகரை, திங்கள் திருச்செந்தூர் என்று வைத்துக்கொண்டோம். ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று பலர் சொன்னார்கள். அதற்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

தாம்பரத்தில் ஏறினோம். மெயின் லைன் வண்டி. சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று சோழநாட்டைச் சுற்றிக்கொண்டுதான் தெற்கே போகும். அன்று பௌர்ணமி. வயல்வெளி முழுக்க நிலா. அம்மா தூங்கவே இல்லை. ஒவ்வொரு ஊர் வரும்போதும் அங்குள்ள கோயில் இருக்கும் திசை பார்த்துக் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

விடிவதற்கு முன் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினோம். பெயர்தான் ஸ்ரீவைகுண்டம், ஸ்டேஷன் இருப்பது ஆற்றுக்கு இந்தப் பக்கம், புதுக்குடியில். வாசலில் இரண்டே ஆட்டோ. அதில் ஒருவர், "ஏறுங்க ஆச்சி, மெதுவா ஏறுங்க, அவசரமே இல்ல" என்று அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றினார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மூன்று நாளும் அவரையே வரச் சொன்னோம்.

ஆழ்வார்திருநகரியில் தெரிந்தவர் மூலம் ஒரு சத்திரத்தில் அறை கிடைத்திருந்தது. குளித்துவிட்டு நேரே கோயில். ஆதிநாதரைச் சேவித்துவிட்டு நம்மாழ்வார் சன்னதிக்கு வந்தோம். எல்லாப் பெருமாள் கோயிலிலும் நம் தலையில் வைக்கிறார்களே சடாரி, அது சடகோபன் என்ற நம்மாழ்வாரின் பெயரால் வந்தது. பெருமாளின் திருவடியாகவே ஆழ்வார் இருக்கிறார் என்பது ஐதீகம். அந்த ஆழ்வார் சன்னதியில் வைக்கும் சடாரிக்கு இங்கே ஸ்ரீராமாநுசம் என்று பெயர். பட்டர் அதைத் தலையில் வைத்தபோது அம்மா நிமிரவே இல்லை. பட்டரும் அவசரப்படுத்தாமல் ஒரு நிமிஷம் கையை எடுக்காமலே நின்றார்.

பிறகு புளியமரம். உயரமான மேடை மேல், முறுக்கேறிய அடிமரம். இடையில் பெரிய பொந்து. பிறந்ததிலிருந்து அழாமல், பால் குடிக்காமல், பேசாமல் இருந்த பிள்ளை, அதாவது நம்மாழ்வார், 16 வருஷம் இந்த மரத்தடியில்தான் யோகத்தில் இருந்தது. வடக்கே யாத்திரை போயிருந்த மதுரகவி ஆழ்வார், தெற்கே தெரிந்த ஒளியைத் தொடர்ந்து வந்து, "செத்ததன் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்?" என்று கேட்டதும் இங்கேதான். பிள்ளை முதல்முதலாக வாய் திறந்து சொன்ன பதிலை அம்மா முணுமுணுத்தார்: "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்." அம்மாவின் பாட்டி சொல்லிக்கொடுத்ததாம். எழுபது வருஷத்துக்கு அருகில் வாயில் வைத்திருந்த வரியை, அது பிறந்த இடத்திலேயே நின்று சொன்னார்.

இந்த மரத்துக்கு உறங்காப்புளி என்று பெயர். சாதாரணப் புளி இருட்டத் தொடங்கினால் இலையை மடித்துக்கொள்ளும். இது மடிக்காது என்பார்கள். பூத்துக் காய்த்தாலும் பழுக்காது என்பார்கள். பகலில் பார்த்தால் எல்லாம் ஒன்றுதானே? அதனால்தான் அம்மா சாயங்காலம் இன்னொரு தடவை போகணும் என்றார். அந்த ஊரிலேயே தங்கியதால்தான் அது முடிந்தது. இருட்டிய பிறகு சத்திரத்திலிருந்து நடந்தோம். வழியில் நின்ற ஒரு புளியமரம் இலையைக் கூப்பிக்கொண்டு நின்றது. கோயிலுக்குள் மேடையடியில் நின்று, விளக்கு வெளிச்சத்தில் அம்மா அண்ணாந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "விரிஞ்சுதான்டி இருக்கு" என்றார். நான் மரத்தைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் திருக்கோளூரும் தென்திருப்பேரையும் போய் வந்தோம். திருக்கோளூரில் வைத்தமாநிதிப் பெருமாள் நெல் அளக்கும் மரக்காலைத் தலைக்கு வைத்துக்கொண்டு சயனித்திருக்கிறார். மதுரகவி பிறந்த ஊர். ராமாநுஜர் உள்ளே வரும்போது ஒரு பெண்பிள்ளை ஊரை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாளாம். எல்லாரும் வந்து சேரும் ஊரை விட்டு ஏன் போகிறாய் என்று கேட்டதற்கு, பெரியவர்கள் செய்தது எதையும் நான் செய்யவில்லையே, முயல் புழுக்கை வரப்பில் கிடந்தால் என்ன, வயலில் கிடந்தால் என்ன என்று 81 வார்த்தை சொன்னாள். அந்தக் கதையை ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு முழுசாகச் சொன்னார். தென்திருப்பேரையில் கருடன் பெருமாளுக்கு நேர் எதிரே இல்லாமல் சற்று விலகி இருக்கிறார். வாசலில் விளையாடும் குழந்தைகளைப் பெருமாள் பார்க்க வேண்டும் என்று விலகச் சொன்னாராம்.

ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டி வடகரை. கிளம்பும் முன் ஒரு வார்த்தை: சின்னக் கோயில்களில் உச்சிக்கு முன்பே நடை சாத்திவிடுவார்கள். காலையில் சீக்கிரம் தொடங்கி, எங்கே மதியம் ஆகும் என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளப்பிரான் நின்ற திருக்கோலம். திருடன் ஒருவன் தான் திருடியதில் பாதியைப் பெருமாளுக்கே கொடுத்து வந்தான். அவனுக்காகப் பெருமாளே திருடன் வேஷத்தில் அரசன் முன் போய் நின்றார். அதனால் வந்த பெயர். சித்திரை 6, ஐப்பசி 6 தேதிகளில் காலை வெயில் அவர் மேல் விழும். நத்தத்தில் விஜயாசனர் உட்கார்ந்திருக்கிறார். திருப்புளிங்குடியில் காய்சின வேந்தர் சயனம். "புளிங்குடிக் கிடந்து வரகுணமங்கை இருந்து வைகுந்தத்துள் நின்று" என்று நம்மாழ்வார் ஒரே மூச்சில் பாடிய வரிதான் எங்களுக்கு அன்று வழி. வரகுணமங்கை என்பது நத்தம்தான்.

புளிங்குடிப் பெருமாள் மிக நீளம். கர்ப்பகிரகத்தில் முகத்தைச் சேவித்தால் திருவடி தெரியாது. பிராகாரத்தில் சுற்றி வந்து ஒரு ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் சாய்த்தார். உள்ளே இருட்டு. கண் பழகப் பழக, முதலில் விளக்கின் சுடர், பிறகு துளசி, பிறகு விரல்கள். பின்னால் ஒரு குடும்பம் காத்திருந்தது. அந்த வீட்டுப் பெரியவர், "பாக்கட்டும், நமக்கென்ன அவசரம்" என்று தன் பேரனைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். பெருங்குளமும் இரட்டைத் திருப்பதியும் அதன் பிறகு.

திங்கட்கிழமை ஆழ்வார்திருநகரியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் திருச்செந்தூர். லீவு நாள் என்பதால் கூட்டம் அலைமோதியது. நாழிக்கிணற்றில் நீராடி, சண்முகரைத் தரிசித்து, பன்னீர் இலை விபூதியோடு வெளியே வந்து கடலைப் பார்த்து உட்கார்ந்தோம். இரவு செந்தூர் எக்ஸ்பிரஸ். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றபோது ஆட்டோக்காரர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு ஒன்று, அம்மாவுக்காக.

டிசம்பர் 17 இரவு அதே வண்டி அதே ஸ்டேஷனில் நின்றது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. வண்டிக்கு முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய்விட்டன. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். புதுக்குடி மக்கள் தங்கள் வீடுகளும் மிதந்துகொண்டிருந்த நிலையில் அரிசி சேர்த்துச் சமைத்துப் போட்டார்கள். 19ஆம் தேதிதான் மீட்பு முடிந்தது. டிவியில் அந்தப் பிளாட்பாரத்தைப் பார்த்ததும் அம்மா, "அந்தத் தம்பிக்குப் போன் போடுடி" என்றார். போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுநாளும் அதே. அம்மா தினமும் விளக்கேற்றும்போது ஒன்பது பெருமாள் பெயரையும் சொல்லிவிட்டு அவர் பெயரையும் சொன்னார்.

ஆறாவது நாள் அவரே கூப்பிட்டார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், ஆட்டோ ஓடாது, பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள். அவ்வளவையும் நான் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். போனை எடுத்ததும் அவர் கேட்டது இதுதான்: "ஆச்சிக்கு மூட்டுவலி இப்ப எப்படி இருக்கு?"