அடிஸ் அபாபா: உயரமும் தைலமரமும்

காரைக்குடிப் பக்கமிருந்து எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் உயரத்தைக் கணக்கில் வையுங்கள். சுமார் 2,355 மீட்டர். ஊட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல். தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர் கட்டாயம். ஜூன் முதல் செப்டம்பர்வரை மழை, ஸ்வெட்டர் வேண்டும்.

எத்தியோப்பிய மன்னர் இரண்டாம் மெனலிக்கின் பாளையம் முதலில் வடக்கே என்டோட்டோ மலைமேல்தான் இருந்தது. குளிர், காற்று, விறகுப் பஞ்சம். கீழே வெந்நீர் ஊற்றருகே அவர் மனைவி அரசி டைட்டு (Taytu) வீடு கட்ட, 1886இல் நகரம் அங்கே தொடங்கியது. அங்கும் விறகு தீர்ந்து, தலைநகரையே மாற்றப் பார்த்தார்கள். காப்பாற்றியது யூகலிப்டஸ், நம்ம சிவகங்கைச் சீமைத் தைலமரத்தின் இனம். வேகமாக வளரும், வெட்டினால் துளிர்க்கும். நிலத்தடி நீரை உறிஞ்சும், அடியில் புல் பூண்டு அண்டாது. இதை நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜிபூத்தி துறைமுகத்திலிருந்து ரயில் வந்தது 1917இல்.