டேங்க் மூடியில் ஓர் ஓட்டை

“மூடியைத் திறந்தா ஓடுதுல்ல தம்பி? அப்போ மூடியில ஒரு ஓட்டை போட்டுக் குடு, நான் கிளம்புறேன்.”

மெக்கானிக்கான என்னிடம் இப்படிக் கேட்டவர் டர்பன், சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த பெரியவர். வண்டி எண்பதுகளின் டீசல் கார், மெர்சிடிஸ் 300டி. டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், மரியன்ஹில் சுங்கச்சாவடி தாண்டி கீ ரிட்ஜ் ஏற்றத்தில் இழுவை போய்விடும். அன்றிரவே என்3 நெடுஞ்சாலை வழியே ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் மகள் வீட்டுக்குப் போயாக வேண்டும். ஓட்டை போட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் அவர் டீசலைத்தான் சந்தேகப்பட்டார். நிரப்பிய கையோடு நின்றுபோகிறது என்றால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றே பலரும் முடிவு கட்டுகிறார்கள். டேங்குக்குள் வெளிக்காற்றை விடும் காற்றோட்டக் குழாய் அடைத்த வண்டியும் நிரப்பிய பிறகுதான் அதிகம் படுத்தும். எரிந்துபோகும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் காற்று டேங்குக்குள் வர வேண்டும். நிறைந்த டேங்கின் மேல்பக்கம் 4 லிட்டர் காற்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் முழுதும் அடைத்திருந்தால், 1 லிட்டர் செலவானதும் அந்த 4 லிட்டர் காற்று 5 லிட்டர் இடத்தில் பரவும். சுமார் 100 கிலோபாஸ்கலாக இருந்த அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 20 கிலோபாஸ்கல் இறங்கும், டீசலை இழுப்பது கடினமாகும். காற்று 30 லிட்டர் இருக்கும் பாதி டேங்கில் அதே 1 லிட்டருக்கு 3 கிலோபாஸ்கல்தான் இறங்கும். சாதாரண ஓட்டத்தில் இந்த வண்டிக்கு 1 லிட்டர் என்பது ஏறத்தாழ 10 கிலோமீட்டர். நிரப்பிய பிறகு எவ்வளவு தூரத்தில் இழுவை போகிறது என்று அவர் சொன்ன கணக்கும் இதோடு ஒத்துப்போனது.

மூடியைத் திறக்கும்போது காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்க வேண்டும். வெளியே சீறினால் பெரும்பாலும் பயமில்லை. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப், எஞ்சினின் தேவைக்கு மேல் தள்ளுகிற டீசல் ரிட்டர்ன் குழாய் வழியே சூடாகத் திரும்பி வருகிறது, உள்ளிருக்கும் காற்று விரிகிறது. டர்பன் வெயிலில் அது இயல்பு. உள்ளே இழுத்தால்தான் கவலை. ஆனால் அந்தச் சத்தத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வரக்கூடாது. லிஃப்ட் பம்புக்கு முன்னால் ஒரு டி-இணைப்பில், வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜைப் பொருத்தி, மூடியை மூடி ஓட்டிப் பார்த்து, முள் ஏறியதும் மூடியைத் திறக்க வேண்டும். முள் சட்டென்று விழுந்தால் காற்றோட்டம் அடைப்பு. விழாமல் நின்றால் டேங்கின் அடியில் இருக்கும் வடிகட்டியோ குழாயோ அடைத்திருக்கிறது. முள் ஏறவே இல்லை, பம்புக்கு முன்னால் இருக்கும் சிறு வடிகட்டியான முன்ஃபில்டரில் குமிழி ஓடுகிறது என்றால் எங்கோ காற்று புகுகிறது: வெடித்த ரப்பர் குழாய், இல்லையென்றால் தளர்ந்த கிளிப். இன்னும் சந்தேகம் என்றால் 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, உறிஞ்சும் குழாய், ரிட்டர்ன் குழாய் இரண்டையும் அதில் விட்டு ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் கோளாறு டேங்க் பக்கம்.

அவர் வண்டியில் முள் விழுந்தது. குமிழியும் ஓடியது. இந்த இரண்டாவதுதான் என்னைத் தயங்க வைத்தது. டேங்கில் வெற்றிடம் கூடும்போது பழைய குழாயின் மயிரிழை வெடிப்பிலும் காற்று புகும். ஓட்டை போட்டால் வெற்றிடம் போகும், வெடிப்பு அப்படியே இருக்கும். ஓட்டை வழியே வண்டி கழுவும் தண்ணீர் இறங்கும். தண்ணீர் தங்கினால் டீசலில் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். நிறைந்த டேங்கோடு வளைவில் திரும்பினால் டீசல் சாலையில் சிந்தும், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் வழுக்கி விழுவார். காற்றோட்டக் குழாயின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தால் ஒரு கம்பி போதும். இங்கே அடைப்பு மேலே, பின்சீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய மறுநாள்வரை ஆகும் என்றேன். அவசரம் என்றால் 10 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓரம் கட்டி மூடியைத் திறந்து மூடுங்கள், டேங்க் காலியாகக் காலியாக இடைவெளி கூடும் என்றும் சொன்னேன்.

“ராத்திரியில, என் வயசுல, என்3 ஓரத்துல இறங்கி நிக்கச் சொல்றியா?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. என்3 மலையேறும் வேன் ரீனன் கணவாயில் லாரிகளுக்கு நடுவே எஞ்சின் செத்து நிற்பதும், நான் சொன்ன யோசனையும் ஒன்றுக்கொன்று குறைந்த ஆபத்தல்ல. சிந்தும் டீசலை எண்ணிக் கவலைப்பட்ட நான், அந்த இருட்டில் அவர் தனியாக நிற்பதைப் பற்றி அதே அளவு கவலைப்பட்டேனா?

அவர் வேறு இடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு போனார். போய்த் திரும்பியும் வந்தார். வண்டி இன்றும் ஓடுகிறது. அதனால் என் காரணங்கள் பொய்யாகிவிடவில்லை. பூஞ்சை ஒரு பயணத்தில் பிடிப்பதில்லை, வெடித்த குழாய் இன்னும் மாறவில்லை. திரும்பும் வழியை நினைத்தால் அவர் பக்கம் இன்னும் வலுவாகிறது. மேட்டு நில ஊரான ஹாரிஸ்மித்தில் நிரப்பிக்கொண்டு இறங்கினால், அங்கே சுமார் 83 கிலோபாஸ்கலாக இருக்கும் வெளிக்காற்றின் அழுத்தம் டர்பன் கடற்கரையில் 101 ஆகிவிடும். காற்று வழி அடைத்த டேங்கை, எரிந்த டீசலின் கணக்கு போக, இந்த 18-ம் சேர்ந்து அழுத்தும். பழைய தகர டேங்க் அதில் உள்வாங்கக்கூடும். அந்த ஓட்டை அதையும் தடுத்திருக்கும்.

குழாயை மாற்ற வரச் சொல்லி அனுப்பினேன், வரவில்லை. அவர் கேட்டபடி செய்து கொடுத்து, “திரும்பி வந்ததும் புது மூடி போட்டு, குழாயையும் மாற்றிக்கலாம், அங்கிள்” என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ. ஓடுகிற வண்டியை யார்தான் கொண்டுவருகிறார்கள் என்றும் தோன்றுகிறது.