கட்டினாரா, கட்டுவித்தாரா?

நியூ ஆர்லியன்ஸிலிருந்து மிசிசிப்பி ஆற்றங்கரைச் சாலையில் வேனில் ஒரு மணி நேரப் பயணம். லூசியானாவின் ஓக் ஆலி மாளிகைக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துப்போவதுதான் சில ஆண்டுகள் என் பிழைப்பு.

ஒப்பிக்க வேண்டிய பாடம் சுலபமானது. முகப்பில் 28 ஓக் மரங்கள், வீட்டைச் சுற்றி 28 தூண்கள். கரும்புத் தோட்ட முதலாளி ழாக் ரோமான் 1837-இல் தொடங்கி 1839-இல் கட்டி முடித்தார். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு என்றதும் வேனுக்குள் ஓர் 'ஆகா' எழும். மாலையில் டிப்ஸுக்கும் குறைவிருக்காது.

ஒருமுறை ஹூஸ்டனிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அதே பாடத்தைத் தமிழில் சொல்லப் புகுந்தவன், 'கட்டினார்' என்ற இடத்தில் தடுக்கி நின்றேன். செங்கல் சுமந்தவர் ரோமான் இல்லையே! 'கட்டுவித்தார்' என்று திருத்திக்கொண்டேன். "அப்படியானால் கட்டியவர்கள் யார், தம்பி?" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. ஆங்கிலத்தில் எத்தனையோ முறை ஒப்பித்தபோது யாரும் கேட்காத கேள்வி. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

அடிமைகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். இரவு அது உறுத்தியது. பிறகுதான் ஆன்ட்வானைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். அவர் அங்கே அடிமையாக இருந்த தோட்டக்காரர். பெக்கான் என்ற கொட்டை மரத்தை ஒட்டுக்கட்டுவதில் மற்றவர்கள் தோற்ற இடத்தில், 1846-47 குளிர்காலத்தில் வென்றவர். ஓடு மெலிந்த அந்த ரகத்துக்கு 1876 பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு கிடைத்தது. பெற்றுக்கொண்டவர் தோட்டத்தின் அப்போதைய சொந்தக்காரர். 1848-இல் ரோமான் இறந்தபின் எடுத்த சொத்துக் கணக்கில் ஆன்ட்வானும் ஓர் உருப்படி: வயது 38, மதிப்பு 1,000 டாலர்.

பாட்டி வந்த அன்றே, உணவறையில் மேசைக்கு மேலே தொங்கும் பெரிய விசிறியைப் பார்த்ததும் அவர் சட்டென்று "பங்கா!" என்றார். அந்தக் காலத்து கலெக்டர் அலுவலகங்களில் ஆள் வைத்து இழுத்த விசிறிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார். விருந்து முடியும்வரை மூலையில் நின்று கயிற்றை இழுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. இந்த முறை நானே சொன்னேன்.

அதன்பின் வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் அடிமைக் குடிசைகள் (இப்போதிருப்பவை மறுபடி கட்டியவை), அங்குள்ள பெயர்ப் பட்டியல்; அப்புறம்தான் மாளிகை. மர வரிசையில் படம் எடுக்க வெளிச்சம் போய்விடும் என்று சிலர் முணுமுணுப்பார்கள். ஏறக்குறைய முந்நூறு ஆண்டு நின்ற மரங்கள், இன்னும் அரைமணி நேரம் நிற்காதா என்பேன்.