வாணலியில் மிஞ்சும் எண்ணெய்

காரைக்குடி வட்டாரத்தில் பலகாரம் பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெயைச் சேகரித்து, டீசலோடு கலக்கும் எரிபொருளான பயோடீசல் செய்யும் ஆலைக்கு அனுப்புகிறேன் என்றால், எல்லாரும் ஆலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அங்கே பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மெத்தனாலும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால் பயோடீசல் மேலே நிற்கும், கிளிசரின் அடியில் தங்கும். எண்ணெயில் தண்ணீர் இருந்தாலோ, காய்ந்து காய்ந்து புளித்திருந்தாலோ சோப்பு நுரைத்து எல்லாம் பாழ். ஆகவே தலைவலி முழுவதும் பலகாரம் சுடும் இடத்திலேயே இருக்கிறது.

2018 ஜூலை முதல், திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கச் செலவழிப்பவர்கள் கணக்கு வைத்து, பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் பழையதைக் கொடுக்க வேண்டும். நகரத்துப் பெரிய ஓட்டலுக்கு இது பொருந்தும். கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் மணகோலமும் சீப்புச் சீடையும் சுடுவது பின்கட்டில் நாலைந்து பெண்கள். 50 லிட்டருக்கு எங்கே போவது? முகூர்த்த மாதத்தில் டின் டின்னாக ஓடும், ஆடியில் அடுப்பே எரியாது. மிஞ்சியதை வடைக்கடைக்காரர் என்னைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்கிறார். மறுபடியும் நம் வயிற்றுக்குத்தான் வரும் என்பது வேறு கதை.

இதற்காகத் தனி வண்டி ஓட்டினால், சேகரிக்கும் எண்ணெயின் விலையை டீசலே தின்றுவிடும். புது எண்ணெய் டின் இறக்கும் வண்டி காலியாகத்தானே திரும்புகிறது? அதில் பழையதை ஏற்றி, அடுத்த டின்னின் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று மொத்த வியாபாரி ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பணமாகக் கொடுப்பதைவிட இது ஆச்சிகளுக்குப் பிடித்திருக்கிறது.

கல்யாண வீட்டு எச்சில் இலையையும் எடுக்கக் கூடாதா என்றார் ஒருவர். அதில் பெரும்பங்கு தண்ணீர்; லாரியில் ஏற்றினால் தண்ணீரைத்தான் சுமப்போம். அது அந்த ஊரிலேயே சாண எரிவாயுக் கலனுக்குப் போகட்டும். தூரம் கடத்தத் தகுந்தது எண்ணெய்தான். 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்பது 2018 தேசியக் கொள்கையின் இலக்கு. அதற்கு எங்கள் பின்கட்டுகளின் பங்கு சிறிதுதான், ஆனாலும் சாக்கடையில் ஊற்றுவதற்கு அது மேல்.

தை பிறப்பதற்குள் கேன்கள் வாங்கியாக வேண்டும். வாய் அகலமாகவும் மூடி இறுக்கமாகவும் இருக்க வேண்டும். ஆச்சிகள் புனல் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள்.