இரண்டு முகடுகள்

இதயத்தை அல்ட்ராசவுண்டில் படம் பிடிக்கும் எக்கோ அறையில் எனக்கு அது முதல் வருடம். இதயச் செயலிழப்புக்காரர்களுக்கு சுவர்களைச் சேர்ந்து சுருங்கவைக்கும் சிஆர்டி பேஸ்மேக்கர் வைக்கும் முன், இடது வென்ட்ரிக்கிளின், அதாவது இடது கீழறையின், சுவர்கள் ஒரே நேரத்தில் சுருங்குகின்றனவா என்று அளந்து தரச் சொல்வார்கள். இடது பண்டில் பிளாக், அதாவது இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை, உள்ளவர்களுக்கு நடுச்சுவர் முந்திக்கொள்ளும், பக்கச்சுவர் பிந்தி வரும். ஒன்று தள்ளும்போது இன்னொன்று தளர்ந்து கிடப்பதால் பாதி உழைப்பு வீண்.

சுவர் நகரும் வேகத்தைக் காட்டும் திசு டாப்ளரில் இரு சுவருக்கும் அலை எடுத்து, இசிஜியில் க்யூஆர்எஸ் (கீழறைகளுக்கு மின்தூண்டல் பரவுவதைக் காட்டும் கூர்அலை) தொடங்கும் இடத்திலிருந்து முகடு வரை நேரம் பார்க்க வேண்டும். வித்தியாசம் 65 மில்லிசெகண்டை எட்டினால் ஒத்திசைவு இல்லை என்பது அன்றைய கணக்கு.

ஒரு நாள் மாலை ஒரு பெரியவர் வந்தார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே மூச்சு வாங்கியது. "மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்துங்கய்யா" என்றால் நாலு நொடி தாங்கவில்லை. எப்படியோ மூன்று துடிப்புகள் கிடைத்தன. நான் 80 என்று எழுதினேன். அதே படத்தை சீனியர் அக்கா அளந்தபோது 40. பக்கச்சுவர் அலையில் இரண்டு முகடுகள் இருந்தன. நான் இரண்டாவதை எடுத்திருந்தேன், அக்கா முதலாவதை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் கைதான் சரியில்லை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் 2008இல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வைப் படித்தேன். கிட்டத்தட்ட 500 நோயாளிகள், 12 விதமான எக்கோ அளவுகள். எந்த ஒன்றையும் தனியாக நம்பி ஆள் தேர்வு செய்ய முடியாது என்று முடித்திருந்தார்கள். அளப்பவருக்கு அளப்பவர் எண் அவ்வளவு மாறியிருந்தது. 2013இல் எக்கோ சிஆர்டி ஆய்வு இன்னும் கலங்க வைத்தது. க்யூஆர்எஸ் அகலம் 130 மில்லிசெகண்டுக்குக் குறைவாக இருந்தும், எக்கோவில் ஒத்திசைவு இல்லை என்று எல்லோருக்கும் கருவி வைத்து, சிலருக்கு மட்டும் சிஆர்டியை இயக்கினார்கள்; இயக்கப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

அந்தப் பெரியவரின் க்யூஆர்எஸ் அகலமோ 160 மில்லிசெகண்ட். டாக்டர் முடிவெடுத்தது இசிஜியை வைத்துத்தான். அதைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகளிடம், திரையில் அளக்கும் காலிபரைத் தொடாமல் முதலில் பத்துத் துடிப்பு சும்மா பார்க்கச் சொல்கிறேன். அயோர்ட்டிக் வால்வு திறப்பதற்கு முன்பே நடுச்சுவர் வெடுக்கென்று உள்ளே இழுத்துத் திரும்புகிறதா, இதயத்தின் நுனி இப்படியும் அப்படியும் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணுக்குப் போக வேண்டும். இரண்டு முகடு தெரிந்தால் ரிப்போர்ட்டில் இரண்டு நேரத்தையும் எழுதி, படத்தையும் சேர்த்தே அனுப்புகிறோம்.